அரைக் கட்டை

பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் இப்போதும் சில சமயம் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எல்லாரும் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். சத்தத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் கழுத்தைப் பாருங்கள் என்பேன். சத்தம் கெட்டிருந்தால் சரிசெய்யலாம், நானே செய்திருக்கிறேன். கழுத்து கெட்டுப்போன கிட்டாரைத் தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும். கேட்கிறவருக்கு அது தெரியாது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார், நான்தான் அன்றைக்கு முழுக்க வீட்டில் யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டிருப்பேன்.

என் அண்ணன் பாடகன். தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் தமிழர்கள் நடத்திய கோயில் கொடை விழாக்களிலும் கல்யாணங்களிலும் சினிமாப் பாட்டுப் பாடிய ஓர் ஆர்கெஸ்ட்ராவில் அவன்தான் முக்கியப் பாடகன். பகலில் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை ஒன்றில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. நான் அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தேன். எரிந்துபோன ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் இவற்றுக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றுவது என் பிழைப்பு. சாயங்காலமானால் அண்ணன் பாடுவான், நான் அவனுக்குப் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசிப்பேன். எண்பதுகளின் நடுவில் சில வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அண்ணன் செத்துப்போனான். அந்தச் சாவில் என் கைவேலைக்கும் பங்கு உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

மேடைப் பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடையில் வரும் கறுப்புக் கட்டையை அரை என்று சேர்த்துக்கொள்வார்கள். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று ஏறும். அண்ணனுக்கு மூன்று கட்டை. ஆம்பிளைக் குரலுக்கு அது நல்ல உயரம். மேடையில் ஸ்பீக்கர் இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைக் காட்டுவான். நிமிர்ந்த விரல் ஒரு கட்டை, பாதி மடக்கிய விரல் அரைக் கட்டை. ஜனங்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் அந்த விரல்களைப் பார்த்தோம்.

பேஸ் கிட்டாரில் நாலே தந்திகள். ஆகத் தடித்த தந்தியை விரல் வைத்து அழுத்தாமல் சும்மா மீட்டினால் அது மூன்று கட்டையின் சட்ஜமாகப் பேசும். யார் செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் அப்படித்தான் கூட்டுவார்கள். அண்ணனின் சுருதியும் அதுவே. இதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"பாத்தியால, அமெரிக்காக்காரன் என் தொண்டைய அளந்துல்லா கிட்டார் செஞ்சிருக்கான்" என்பான்.

நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். அவன் மூன்று விரல் காட்டியதும் தடித் தந்தியை ஒரே ஒரு முறை திறந்து விடுவேன். அது நெஞ்சுக் குழியில் இறங்கும். அதன் மேல் ஏறி நின்று அவன் பாட ஆரம்பிப்பான்.

முதலில் நான் வாசித்தது ஆர்கெஸ்ட்ராவுக்குச் சொந்தமான ஒரு பிளைவுட் கிட்டார். மழைக்காலத்தில் ஊறி உப்பும், வெயிலில் வாய் பிளக்கும். சொந்தமாக ஒன்று பார்க்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தபோது, செம்பூரில் ஒரு கோவாக்காரர் இரண்டு பேஸ் கிட்டார்களை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஹோட்டல் பாண்டுகளில் வாசித்தவர். கை நடுக்கம் வந்து வாசிப்பை விட்டிருந்தார். இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார். மனைவி டீ கொண்டுவந்தார். கோவாக்காரர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒன்று ஜப்பானில் செய்தது. சிவப்பு, பளபளப்பு, குட்டைக் கழுத்து, கையில் எடுத்தால் பூ மாதிரி. அவர் வீட்டு ரேடியோவின் பின்னால் சொருகி வாசித்துப் பார்த்தேன், நன்றாகவே பேசியது. மற்றது அமெரிக்காவில் அறுபதுகளில் செய்தது. பழுப்பு நிறம் அங்கங்கே உரிந்து மரம் தெரிந்தது. தூக்கினால் தோள்பட்டை இறங்கியது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் செத்துப்போயிருந்ததால் ரேடியோவில் சொருகினாலும் வெறும் இரைச்சல்தான். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி அதன் கழுத்தை நீளவாட்டில் பார்த்தேன். கோடு போட்டது போல நேராக இருந்தது. கட்டை விரலால் கழுத்தின் முதுகைத் தடவிக்கொண்டே போனேன், ஒரு மேடு பள்ளம் இல்லை. டேப் வைத்து அளந்தேன். தந்தி பேசும் நீளம் முப்பத்துநாலு அங்குலம். சிவப்புக்கு முப்பதுதான். நீளம் கூடினால் கீழ்ச் சுருதியில் தந்தி தொளதொளக்காமல் விறைப்பாக நிற்கும்.

அண்ணனுக்குச் சிவப்பின் மேல்தான் கண். "மேடையில லைட்டுக்கு எப்படி மின்னும் பாரு. அந்தக் கட்டைய எவன் பாப்பான்?"

கோவாக்காரர் எங்கள் தமிழைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், என்ன சண்டை என்று புரிந்துகொண்டு, பழுப்பைக் காட்டி பம்பாய் இந்தியில் ஒன்று சொன்னார். இதை எவ்வளவு கீழே இறக்கினாலும் தாங்கும், அழாது என்றார். அந்த வார்த்தைக்குத்தான் நான் விழுந்தேன். செத்துப்போன பிக்கப்போடு பழுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அண்ணன் மடியில்தான் அது வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், சயான் வருவதற்குள் அதன் தந்தியை விரலால் தட்டி முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டான்.

பிக்கப்பைப் பிரித்தால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. ஃபேன் கம்பி சுற்றிப் பழகிய கைக்கு அது பெரிய வதை. மூச்சு விட்டால் அறுந்தது. கடையில் மத்தியான இடைவேளையில் சுற்றினேன். மூன்று முறை பாதியில் அறுந்து, நாலாவது முறை எட்டாயிரத்துச் சொச்சம் சுற்று நின்றது. கூட வேலை செய்தவர்கள் சும்மா இருப்பார்களா? "நாலு தந்திதாம்ல இருக்கு, மிச்சம் ரெண்ட வித்துத் தின்னுட்டியா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்கள்.

காயில் கட்டுகிற கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்து மூடுவதற்கு முன்பு, மூடியின் உள்பக்கத்தில் கம்பி அளவு, சுற்று எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை எரிந்து வந்தால் பிரிக்கிறவன் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். கை பழக்கத்தில் நான் கிட்டாரின் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் உள்பக்கத்திலும் அப்படியே பென்சிலால் எழுதினேன். கம்பி, சுற்று, தேதி. அதற்குக் கீழே 'மூணு கட்டை' என்றும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் காரணம் கிடையாது. சந்தோஷம், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆடி மழையில் மாட்டுங்காவில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேல்ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் அண்ணன் குரல் கரகரத்து ஒரு நொடி காணாமல் போயிற்று. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த ஒத்திகையில் அவன் கை பின்னால் வந்தது. இரண்டு விரல் நிமிர்ந்து, மூன்றாவது விரல் பாதி மடங்கியிருந்தது.

"சொல்யூஷன் வாடை தொண்டையப் புடிக்கி. ஒரு மாசத்துக்கு அரைக் கட்டை எறக்கிக்கிடுவோம்" என்றான்.

பட்டறையில் எல்லாருக்கும் தொண்டை கரகரக்கத்தான் செய்தது. அதனால் இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மாட்டுங்காவில் இருந்த ஒரு பாங்க் உத்தியோகஸ்தர், கீபோர்டும் அவரே. அவர் கீபோர்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அழுத்தினால் மொத்தமாகச் சுருதி இறங்கிவிடும். பிரச்சினை எனக்குத்தான். இரண்டரைக் கட்டைக்கு என் தடித் தந்தியில் சட்ஜம் இல்லை. மேல் ஸ்தாயியில் போய் வாசித்தால் பாட்டுக்கு அடித்தளம் இல்லாமல் போய், மொத்தமும் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். தந்தியை இறக்கிக் கட்டினாலோ தளர்ந்துபோய், கழுத்தில் கட்டம் கட்டமாகப் பதித்த குறுக்குக் கம்பிகளின் மேல் மோதிச் சலசலக்கும்.

தாராவியிலேயே மரப் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"பாய், இதுல அரைக் கட்டை எறக்கணும்" என்றேன்.

அவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து மரத்தின் குறுக்கே கோடு போடப் போனார். "மேல் பக்கமா, கீழ் பக்கமா தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அறுத்துட்டா ஒட்ட முடியாது."

நான் பதறிப் போய்க் கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டேன். பட்டறையே சிரித்தது. அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்துச் சிரித்து இருமினான். நெடுநேரம் இருமினான். அதுவும் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பாய் அருமையான கைக்காரர். புரிய வைத்ததும் மாட்டு எலும்பில் ஒரு துண்டை ராவி, தந்திகள் தலைப்பக்கம் ஏறி உட்காரும் சிறு பாலத்தைப் புதிதாகச் செய்து கொடுத்தார். பழையதைவிட ஒரு நூல் உயரம். கழுத்தும் உடம்பும் சேரும் பொருத்துக்குள் எதையாவது வைத்துச் சாய்வை மாற்றவேண்டியிருந்தது. அண்ணனின் பட்டறையிலிருந்து மெல்லிய தோல் துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வைத்து முடுக்கினார். சலசலப்பு போய்விட்டது. தடித் தந்தி இரண்டரைக் கட்டையில் திறந்து பேசியது. தகட்டின் உள்பக்கத்தில் எழுதினேன்: 'ரெண்டரை', தேதி.

ஒரு மாதத்துக்கு என்று இறக்கியது திரும்ப ஏறவே இல்லை. தீபாவளிக்கு இரண்டு கட்டை ஆயிற்று. மறுபடி ராவினேன், உயர்த்தினேன், எழுதினேன். ஜனங்களுக்கோ அண்ணனின் பாட்டு முன்னைவிடப் பிடித்துப்போயிற்று. "அண்ணாச்சிக்கு இப்பத்தான் கொரலு கட்டையா, கனமா வருது" என்று லேபர் கேம்பில் ஒருவர் கையைப் பிடித்துச் சொன்னார். கட்டைக் குரல் என்று நாம் சொல்வது பாராட்டுத்தானே? நாங்கள் அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டோம்.

பாங்க்காரர் மட்டும் ஏமாறவில்லை. ஒரு நாள் ஒத்திகை முடிந்து மாட்டுங்கா ஸ்டேஷன் வரை என்னோடு நடந்து வந்தார்.

"இன்னும் எத்தனை இறக்கறது, சொல்லு. ஜனங்களுக்குக் கட்டை தெரியாதுப்பா. ஆனா பாட்டு சோர்ந்து போச்சுன்னா தெரிஞ்சுடும். இதுவரைக்கும் உன்னோட பேஸ்தான் தாங்கிண்டிருக்கு. அதுவும் சோர்ந்தா எனக்கு வேற வழி இல்லை, மான்குர்த்துல ஒருத்தன் ஒரிஜினல் கட்டையிலேயே பாடறான்."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. அண்ணனிடமிருந்து மேடையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சொல்யூஷன் டப்பாவும் பிரஷும். தெருவில் நடந்து போனால் அவனை எல்லாரும் பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டறை முதலாளிகூட அவனிடம் குரலை உயர்த்தமாட்டார். அந்த மரியாதையை மான்குர்த்காரனிடம் விட நான் தயாராக இல்லை. என் கையில் வேலை இருக்கிறது, இறக்கிக்கொண்டே போகிறேன், எவன் கண்டுபிடிக்கிறான் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் அண்ணன் ஒன்றரைக் கட்டைக்கு வந்தான். அதற்கு அந்தத் தந்தி லாயக்கில்லை. அத்தனை தடித் தந்தி கடைகளில் கிடைக்கவும் இல்லை. நானே செய்தேன். எஃகுக் கம்பியை நடுவில் இழுத்துப் பிடித்து, காயில் சுற்றும் மிஷினில் மாட்டி, அதன் மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். நாலைந்து தந்தி வீணாகி ஒன்று தேறியது. செம்பைப் பிக்கப் அவ்வளவாக மதிக்காது, சத்தம் கம்மியாக வந்தது. தேய்ந்துபோன ஹவாய் செருப்பை அறுத்துப் பிக்கப்புக்கு அடியில் வைத்துத் தந்திக்குக் கிட்டத்தில் உயர்த்தினேன். சத்தம் ஏறியது. தந்தியைக் கோத்து முறுக்கும் முறுக்காணியின் ஓட்டையை அரத்தின் பல் தேயும் வரை ராவி அகலப்படுத்தினேன்.

கடைசியாகக் கழுத்து. கிட்டார்க் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி போகும். தந்திகள் இழுக்கிற இழுப்புக்கு எதிராக அது கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும். தந்தி தளர்ந்தால் கழுத்து பின்னால் வளையும், அப்போது அந்தக் கம்பியையும் தளர்த்திவிட வேண்டும். அதன் திருகு இருபது வருஷத் துரு. நான் ஸ்பானரைப் போட்டுத் தம் கட்டித் திருப்பினேன். தளர்ந்தது, ஆனால் மரை கழன்றுவிட்டது. இனி இறக்கலாம், இறுக்க முடியாது. அதனால் என்ன, யார் மேலே ஏறப்போகிறார்கள் என்று நினைத்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. 'ஒண்ணரை' என்று எழுதி மூடினேன்.

அண்ணனின் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவள். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "ஒங்க அண்ணன் சோத்த முழுங்க மாட்டேங்காவ தம்பி. ரசத்த ஊத்திக் கரைச்சுக் குடிக்காவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீசன் முடியட்டும் மதினி, பாட்டுக்காரங்களுக்குத் தொண்டை இப்படித்தான் இருக்கும்" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி. அவள் பனங்கற்கண்டும் மிளகும் பொடித்து ஒரு டப்பாவில் போட்டு அவன் சட்டைப் பையில் வைத்துவிடுவாள். அவன் அதை மேடைக்குப் பின்னால் எங்களுக்கெல்லாம் பங்கு வைப்பான்.

அடுத்து வந்த தை மாதத்தில் அண்ணன் ஒரே ஒரு விரல் காட்டினான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தந்தியைக் கூட்டி நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

"இன்னும் எங்கண்ணே எறக்குறது? இதுக்கு மேல எறங்கணும்னா கட்டையிலதான் போகணும்" என்று கத்தினேன். சாபம்தான். ஊரில் கோபம் வந்தால் எல்லாரும் சொல்வதுதான், என் வாயிலும் வந்துவிட்டது.

அண்ணன் சிரித்தான். காற்று மாதிரித்தான் சிரிப்பு வந்தது. "அதுவும் ஒரு கட்டைதானல. அதுக்கும் நீ தந்தி செஞ்சிருவ."

செய்துவிட்டேன். இன்னும் தடிப்பாக ஒன்று சுற்றி, செருப்பில் இன்னொரு துண்டு வைத்து, ஒரு கட்டைக்குக் கொண்டுவந்தேன்.

மாசியில் லேபர் கேம்பில் அம்மன் கொடை. நாங்கள் வாசித்ததிலேயே சிறந்த கச்சேரி அதுதான் என்று அங்கிருந்தவர்கள் பல வருஷம் சொன்னார்கள். ஒரு கட்டையில் தடித் தந்தியைத் திறந்துவிட்டால் மேடைப் பலகை அதிர்ந்தது. முன்வரிசையில் சில்வர் டம்ளர் நடுங்கியதை நான் பார்த்தேன். அந்த அதிர்வுக்குள் அண்ணனின் குரல் எங்கே முடிகிறது, என் தந்தி எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இல்லாத குரலை நான் இட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். பாங்க்காரர் மேடையிலேயே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மான்குர்த்காரனின் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் எழுந்து மதினியைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்து, குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்து, இரண்டு வாரம் கழித்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அண்ணனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். புற்றுநோய், குரல்வளையைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது என்றார். குரல் மாறி எத்தனை நாளாகிறது என்று இந்தியில் கேட்டார். மதினி என்னைப் பார்த்தாள்.

பத்தொன்பது மாதம் என்றேன். முதல் மாற்றம் இன்ன தேதி, அடுத்தது இன்ன தேதி, மூன்றாவது, நாலாவது என்று வரிசையாகச் சொன்னேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். இங்கே வருகிறவர்கள் யாருக்கும் மாதம்கூட ஞாபகம் இருக்காது, உனக்கு எப்படித் தேதி தெரியும் என்று கேட்டார். எழுதிவைத்திருக்கிறேன் என்றேன். எங்கே என்று கேட்டார். கிட்டாருக்குள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. தொண்டை மூன்று வாரம் சரியாகவில்லை என்றாலே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மூன்று வாரத்தில் நான் பாயிடம் எலும்பு ராவக் கொடுத்திருந்தேன்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மதினி நின்றுவிட்டாள். அழவில்லை. என் முகத்துக்கு நேரே பார்த்து, "கிட்டாரு கழுத்தத் தடவித் தடவிப் பாத்தீயளே. ஒங்க அண்ணன் கழுத்த ஒரு தடவ தொட்டுப் பாத்தீயளா?" என்றாள். அங்கே ஒரு கட்டி இருந்தது. அவள் ஆறு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலரை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அவன் மேடையில் நின்றதை ஸ்டைல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இத்தனை நன்றாக வேலை செய்திருக்காவிட்டால், முதல் மழைக்காலத்திலேயே பாட்டு சோர்ந்துபோயிருக்கும். மான்குர்த்காரன் வந்திருப்பான். அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான், மதினி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இதை நான் ஆயிரம் முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் பிழைத்துக்கொள்கிறான்.

ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியாக மூச்சு. வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து மாதம் இருந்தான். ஒரு காலையில் நான் கஞ்சி கொடுத்துவிட்டு எழுந்தபோது, பரண் மேலிருந்த கிட்டாரைக் காட்டினான். கொடைக்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. இறக்கித் துடைத்தேன். ரேடியோவில் சொருகப் போனேன், வேண்டாம் என்று சைகை காட்டினான். கிட்டாரின் தலையைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து வைக்கச் சொன்னான். அப்படி வைத்து வாசித்தால் மரத்தின் வழியாகப் படுத்திருப்பவனுக்கு முதுகில் கேட்கும்.

இடது கையைத் தூக்கினான். பழக்கமான கை. மூன்று விரல் நிமிர்ந்து நின்றன.

தந்தி ஒரு கட்டையில் இருந்தது. நான் நாலாவது கட்டத்தில் அழுத்தி, மூன்று கட்டைச் சட்ஜத்தை வாசித்தேன். தலையை ஆட்டினான், இல்லை. அவன் தொண்டையைத்தான் எடுத்திருந்தார்கள், காதை எடுக்கவில்லை. அழுத்தி வருகிற மூன்று கட்டைக்கும் திறந்து வருகிற மூன்று கட்டைக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியும். என் விரலை எடுக்கச் சொல்லிக் காட்டினான். சும்மா திறந்துவிட வேண்டும், பழையபடி.

முறுக்காணியைத் திருகினேன். ஒன்றரை வந்தது. இன்னும் திருகினேன். இரண்டுக்கு வரும்போதே கழுத்து முன்னால் வளைந்து, தந்தி வில் நாண் போல எழும்பி நின்றது. நிமிர்த்திப் பிடிக்க உள்ளே இருந்த திருகைத்தான் நான் ஏற்கெனவே கெடுத்துவிட்டேனே. அண்ணனைப் பார்த்தேன். மூன்று விரலும் அப்படியே நின்றன. இன்னும் ஒரு கால் திருப்புத் திருப்பினேன். பாய் தோல் வைத்துப் பொருத்திய இடத்தில் மரம் 'டக்' என்றது. கையை எடுத்துவிட்டேன்.

"இதுக்கு மேல ஏறாதுண்ணே. நான் கெடுத்துட்டேன்" என்றேன். அப்போதுதான் அழுதேன்.

அவன் கிட்டாரின் கழுத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மூன்றாவது விரலைப் பாதி மடக்கினான். இரண்டரை. நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். அந்த விரலை முழுக்க மடக்கிக்கொண்டு, இரண்டு விரலோடு, சரி வாசி என்று கண்ணைக் காட்டினான்.